இரண்டு கட்டடங்களை இணைக்க எது சரி: 60 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா, ஃபைபரா?

ஒரு கட்டடத்தில் நல்ல இணைய இணைப்பு இருக்கிறது. 300 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடம்; அங்கேயும் அதே வேகம் வேண்டும். மண்ணைத் தோண்டி ஃபைபர், அதாவது ஒளி வழியே தரவைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள், போடலாம். இரண்டு மொட்டை மாடியிலும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்டலாம். அல்லது மில்லிமீட்டர் அலையில் ஓடும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை மாட்டலாம். இந்தக் கடைசி வழியை வெயில் நாளில் பார்த்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கொட்டும் மழையில் பார்த்தவர்கள் பக்கத்திலேயே போகாதே என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

ஃபைபரை முதலில் முடித்துவிடலாம், அதில் அலச அதிகமில்லை. தோண்ட இடமும் அனுமதியும் இருந்தால் ஃபைபர்தான். மழையோ, காற்றோ, பக்கத்து மாடி ரேடியோவோ அதைத் தொடாது. பிறகு வேகம் போதாவிட்டால் இரண்டு முனையிலும் ஒளியை அனுப்பி வாங்கும் சிறு மாட்யூலை மாற்றினால் போதும், கேபிளைத் தொட வேண்டாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஒரு கட்டடத்தில் மின்னல் தாக்கினால் அது கேபிள் வழியே அடுத்த கட்டடத்தின் கருவிகளைப் பதம் பார்க்காது (உள்ளே உலோகக் கம்பி இல்லாத கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும்). நடுவில் பொதுச் சாலையோ, ஆறோ, வேறொருவர் நிலமோ இருக்கும்போதுதான் ரேடியோவைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கிறது.

சரி, ரேடியோவுக்கு வருவோம். 60 கிகாஹெர்ட்ஸின் பெரிய பலம் சேனலின் (தரவு போகும் அலைவரிசைத் துண்டின்) அகலம். அகலம் கூடினால் வேகம் கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 80 மெகாஹெர்ட்ஸ், அதிகம் போனால் 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கும். அதையும் சுற்றியுள்ள எல்லா வைஃபையோடும் பங்கு போட வேண்டும். பல சேனல்களில் ரேடார் சிக்னல் தென்பட்டால் உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும் என்ற விதி வேறு. 60 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு சேனலின் அகலமே 2160 மெகாஹெர்ட்ஸ். இந்த அலைவரிசைக்காக 2012-இல் வந்த 802.11ஏடி என்ற வைஃபை தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 7 கிகாபிட்டை ஒட்டி வரும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் குறுகிய தூரத்தில் ஒரு கிகாபிட் ஈதர்நெட் போர்ட்டை நிரப்புவது இதற்குச் சாதாரணம்.

அதிர்வெண் ஏற ஏற அலை சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பலரும் சொல்வதில் பாதிதான் உண்மை. திறந்த வெளியில் 5-லிருந்து 60-க்குப் போனால், ஒரே வகை சிறு ஆன்டெனாவை வைத்துக் கணக்கிட்டால் 21 டெசிபலுக்கு மேல் இழக்கிறோம். (3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஆனால் அலைநீளம் 5 மில்லிமீட்டர்தான் என்பதால், 30 சென்டிமீட்டர் டிஷ் அந்த அலையைச் சுமார் ஒரு டிகிரிக்குள் குவித்துவிடும். அதே டிஷ் 5 கிகாஹெர்ட்ஸில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு விரியும். இப்படிக் குவிப்பதால் ஒவ்வொரு முனையிலும் 20 டெசிபலுக்குக் குறையாமல் திரும்பக் கிடைக்கிறது. வெறும் வெளியில் இழந்ததை டிஷ்ஷே மீட்டுக் கொடுத்துவிடும். ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களிலேயே இதே 5 மில்லிமீட்டர் அளவு அலைகளை ஹார்ன் ஆன்டெனா வைத்துச் செலுத்திக் காட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

மீட்க முடியாத இழப்புகள் வேறு. முதலாவது ஆக்சிஜன். 60 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஆக்சிஜன் மூலக்கூறுகள் அலையை உறிஞ்சுகின்றன. கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல். 300 மீட்டரில் அது நாலரைதான், கவலையில்லை. 2 கிலோமீட்டரில் 30. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: நம் சிக்னல் தொலைவில் போய் யாரையும் தொந்தரவு செய்யாது, அவர்களுடையதும் நம்மிடம் வராது. மேல் சேனல்களில், அதாவது 66 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே, இந்த உறிஞ்சல் வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் நாட்டு விதி அனுமதித்தால் நீண்ட லிங்க்குகளுக்கு அவற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது மழை. இங்கேதான் தீர்ப்பே இருக்கிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழை 60 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 17 டெசிபல் அளவுக்குத் தின்னும். 100 மில்லிமீட்டர் என்றால் 30-ஐ நெருங்கும். 5 கிகாஹெர்ட்ஸில் அதே மழை ஒரு டெசிபலைக்கூட எடுக்காது. 300 மீட்டர் லிங்க்கில் அந்த 30 வெறும் 9 டெசிபல்தான், தாங்கிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் லிங்க்கில் ஆக்சிஜனும் மழையும் சேர்ந்து 45 டெசிபலை எட்டும். அதைத் தாங்கும் அளவுக்குச் சிக்னல் கையிருப்பு சிறிய ரேடியோக்களில் இருக்காது.

அப்புறம் மரம். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு மரத்தைத் தாண்டித் தட்டுத்தடுமாறி வந்துவிடும். 60 வராது. இலையுதிர்ந்த காலத்தில் மாட்டிய லிங்க், துளிர் விட்டதும் நின்றுபோவது இதனால்தான். ஆனால் குறுகிய இடைவெளி வழியே போக வேண்டுமென்றால் நிலைமை தலைகீழ். அலை தடையில்லாமல் போக நேர்கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். ஒரு கிலோமீட்டர் லிங்க்கின் நடுவில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு அந்த ஆரம் கிட்டத்தட்ட நாலு மீட்டர். 60-க்கு ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து வழியாக 60 சுலபமாக நுழைந்துவிடும்.

டிஷ்ஷைத் திசை பார்த்து நிறுத்துவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு டிகிரி என்பது 300 மீட்டரில் சுமார் 5 மீட்டர் அகலம். டிஷ்ஷை மெல்லத் திருப்பும்போது சிக்னல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். முதலில் ஏறிய இடம் பெரும்பாலும் பக்கக் கற்றைதான், அதாவது முக்கியக் கற்றைக்குப் பக்கத்தில் கசியும் பலவீனமான கற்றை. அங்கேயே போல்ட்டை முறுக்கினால் வெயில் நாளெல்லாம் லிங்க் அழகாக ஓடும், முதல் தூறலில் விழும். அதனால் தூரத்தை வைத்து எவ்வளவு சிக்னல் வர வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டுக் குறித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். அதைவிட 10, 15 டெசிபல் குறைவாகக் காட்டினால் கீழே இறங்காதீர்கள். கடைசிப் போல்ட்டை இறுக்கும்போதே டிஷ் ஒரு மயிரிழை திரும்பும். இறுக்கிய பிறகு எண்ணை மறுபடி பாருங்கள். காற்றில் ஆடும் மெல்லிய கம்பத்தில் இதை மாட்டவே கூடாது.

பல கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் 71–76, 81–86 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஈ-பேண்ட் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் தொல்லை இல்லை, மழைத் தொல்லை உண்டு. பல நாடுகளில் உரிமம் வாங்க வேண்டும், கருவியும் விலை கூடியது.

என் தேர்வு இது. பார்வை மறைக்காத 400 மீட்டர் வரை 60 கிகாஹெர்ட்ஸ், தயக்கமே வேண்டாம். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் வரையும் 60-தான், ஆனால் துணைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம். ஒரே பெட்டியில் இரண்டும் இருக்கும் ரேடியோக்கள் கிடைக்கின்றன. அதற்கு மேல், அல்லது வழியில் மரம் இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் நம்புங்கள். துணை இணைப்பு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். மாட்டிய அன்றே ஒரு வீடியோ அழைப்பை ஓடவிட்டு, சொட்டச் சொட்ட நனைத்த துணி ஒன்றை மடித்து டிஷ்ஷின் முகத்தை மூடிப் பிடியுங்கள். வேகம் சில நூறு மெகாபிட்டுக்கு இறங்க வேண்டும், அழைப்பு அறுந்துபோகக் கூடாது.