ஒபாசம் பிடிக்க ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்: எனக்குப் போனது 1,850 டாலர்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டு அடுப்படியில் நிற்க முடியவில்லை, அவ்வளவு நாற்றம்.

மூன்று வாரமாக ராத்திரியானால் தரைக்கு அடியில் ஏதோ உருளும் சத்தம். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கச் சுவரின் காற்றுத் துளையில் வலை கிழிந்திருந்தது. அதன் வழியாக ஒபாசம் (opossum) என்ற காட்டுப் பிராணி ஒன்று வெளியே வந்தது. வெள்ளை முகம், எலிவால், பூனை அளவு உடம்பு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பயந்துவிட்டார். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் தேடி, நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த ஒருவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். அங்கேதான் நம்பினேன். அம்மா "நல்ல பையனாத் தெரியுது" என்று காபி போட்டுக் கொடுத்தார். ஒபாசத்துக்கு வெறிநோய் இருக்கும், குழந்தையைக் கடித்துவிடும் என்று வந்தவர் பயமுறுத்தினார். உண்மையில் ஒபாசத்துக்கு வெறிநோய் வருவது மிக அபூர்வம். பிடித்து மலைப்பக்கம் விட்டுவிடுவதாகவும் சொன்னார். கலிஃபோர்னியாவில் அனுமதியில்லாமல் அப்படி வேறு இடத்தில் விடக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிடிப்பது, ஓட்டையை அடைப்பது, கீழே சுத்தம் செய்வது, ஒரு வருட உத்தரவாதம் எல்லாம் சேர்த்து 1,850 டாலர். ஆப்பில் கட்ட வேண்டாம், வங்கியிலிருந்து நேராக அனுப்புங்கள், 100 டாலர் குறைத்துத்தான் இந்தத் தொகை என்றார். அனுப்பிவிட்டேன்.

கூண்டில் இரண்டு நாளாக எதுவும் விழவில்லை. மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு வந்தார். "அது போயாச்சு" என்று புது வலையைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போனார். பகல் பதினோரு மணி! ஒபாசம் ராத்திரியில் நடமாடும் பிராணி, பகலில் உள்ளே படுத்துத் தூங்கும். அதை உள்ளே வைத்தே அடைத்துவிட்டார். அன்று ராத்திரி வலையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. போன் செய்தால் "எலியாக இருக்கும், ரெண்டு நாள் பாருங்கள்" என்றார். நானும் பார்த்தேன். அந்த வலையை நானே கழற்றியிருக்கலாம், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. சில நாளில் சத்தம் நின்றது. அப்புறம் நாற்றம்.

மறுபடி கூப்பிட்டேன். செத்த பிராணி உத்தரவாதத்தில் வராது, எடுக்கத் தனியாக 450 டாலர் என்றார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. ஆப்காரர்கள், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். வங்கியோ நீங்களே அனுப்பியதுதானே என்கிறது. 1,850 டாலர்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் கவுண்டி வெக்டர் கன்ட்ரோலைக் (கொசு, எலி போன்ற தொல்லைகளைப் பார்க்கும் அரசு அலுவலகம்) கூப்பிடுங்கள், சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியில் ஆலோசனைக்குக் காசு கிடையாது. காசுக்குக் கூண்டு வைப்பவரிடம் மாநில உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகுங்கள், சில ராத்திரி அந்தத் தாள் அசையாமல் இருந்தால், அதாவது எதுவும் போய்வரவில்லை என்றால் மட்டும் ஓட்டையை மூடுங்கள். குட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள்.

நாளைக்கு வேறொருவர் வந்து அந்த உடலை எடுக்கப் போகிறார். அவருக்கு இன்னும் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை.