கமாரோவா, மஸ்டாங்கா? வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால்

மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார்) பேச்சு பெரும்பாலும் குதிரைத்திறனிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கணக்கில் 2015-ல் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்தான் ராஜா: 707 குதிரைத்திறன். ஆனால் எடை 2,000 கிலோவைத் தாண்டும். சஸ்பென்ஷனின் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பு) வேர், டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரும் மெர்சிடிஸும் ஒன்றாக இருந்த டைம்லர்கிரைஸ்லர் காலத்து மெர்சிடிஸில் இருப்பதால் நெடுஞ்சாலையில் சொகுசாகப் போகும். வளைவில் அந்த எடை முன்பக்கத்தை வெளியே இழுத்துவிடும். நேர்க்கோட்டு ஓட்டம் போதும் என்பவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சேஸிஸ், அதாவது வண்டியின் அடிக்கட்டும் சஸ்பென்ஷனும்தான் முக்கியம் என்றால் போட்டி இரண்டு வண்டிகளுக்குள்: ஃபோர்டு மஸ்டாங்கின் பந்தய வடிவமான ஷெல்பி ஜிடி350ஆர், செவர்லே கமாரோவின் பந்தய வடிவமான ஜெட்எல்1 1எல்இ.

எஸ்விடி கோப்ரா போன்ற ஓரிரு மாடல்களை விட்டால், 2014 வரை மஸ்டாங்கின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில்தான் இருந்தன. மாட்டுவண்டி அச்சு மாதிரி, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும். வளைவின் நடுவில் அப்படி நடந்தால் பின்பக்கம் துள்ளும். 2015-ல் சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்து இந்தக் குறை தீர்ந்தது. ஜிடி350ஆர் அதன்மேல் கார்பன் ஃபைபர் சக்கரங்களையும் போட்டது. சக்கரத்துக்குச் சுமார் 6 கிலோ மிச்சம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்பதால் இந்த 6 கிலோ பெரிய விஷயம்: மேட்டில் எகிறிய சக்கரம் சட்டென்று தரைக்குத் திரும்பிவிடும்.

கமாரோ 2016-ல் ஆல்ஃபா பிளாட்ஃபார்முக்கு மாறியது. காடிலாக் ஏடிஎஸ் செடானுக்கு அடியில் இருந்ததும் அதுதான். முந்தைய கமாரோவைவிட 28 சதவீதம் விறைப்பு கூடியதாக செவர்லே சொன்னது. பாடி முறுக்கிக்கொண்டால் அதுவே இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடும். அப்புறம் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் எதைப் போட்டும் பயனில்லை. 1எல்இ-யில் சாதாரண ஜெட்எல்1-இன் காந்தப் புலத்தால் விறைப்பை மாற்றும் டேம்பர்களை எடுத்துவிட்டு மல்டிமேட்டிக் நிறுவனத்தின் டிஎஸ்எஸ்வி டேம்பர்களை வைத்தார்கள். வழக்கமான டேம்பரில் மெல்லிய தகடுகள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். இதில் துல்லியமாக வெட்டிய துளைகள் வழியாக வால்வு எண்ணெயை அளந்து விடுகிறது. அதனால் சுற்று சுற்றாக விரட்டினாலும் அதன் குணம் அவ்வளவாக மாறுவதில்லை. 2017-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 16.04 விநாடியில் முடித்ததில் 650 குதிரைத்திறனுக்கு எவ்வளவு பங்கோ, இந்த டேம்பர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பந்தயத் தடத்துக்கு என் ஓட்டு கமாரோவுக்கே. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் அது இடுப்பைப் பதம் பார்க்கும். ஜன்னல்களும் குறுகல், பக்கத்தில் வரும் வண்டி கண்ணில் படாது. தினமும் ஓட்ட வேண்டும் என்றால் மஸ்டாங்தான். நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறும் அந்த 5.2 லிட்டர் வி8-இன் சத்தத்துக்காகவே அதை எடுக்கலாம்.

இரண்டுமே இப்போது பழைய கார் சந்தையில்தான் கிடைக்கும். கமாரோவில் டேம்பரைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, மஸ்டாங்கில் கார்பன் சக்கரத்தின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.