ரெசிடென்ட் ஈவில் 2, ஐந்து வருடம்: எட்டுக் கட்டத்துக்குள் ஒரு குடித்தனம்

ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் கணினி ஆட்டத்தின் 2019 மறுஆக்கத்தை 2020 ஊரடங்கில் தள்ளுபடி விலைக்கு வாங்கினேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறை, பழைய கணினி, அதில் பின்னால் பொருத்திய 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. இவ்வளவுதான் வசதி. ஆட்டம் வாங்கிய ஸ்டீம் தளத்தில் இன்றைக்கு 240 மணி நேரம் ஆடியதாகக் காட்டுகிறது. முதல் தடவை கதையை முடிக்கப் பத்து மணி நேரம் பிடித்தது. மிச்ச நேரம் முழுக்கக் கணக்குப் போட்டே கழிந்தது. பயந்து பார்க்கலாம் என்று வாங்கிய எனக்கு, மாசக் கடைசியில் வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கிற அதே படபடப்பு கிடைத்தது. அது பிடித்துப்போனதால்தான் இத்தனை வருடம் விடாமல் ஆடுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மூல ஆட்டம் 1998இல் வந்தது. அதே வருட செப்டம்பரில் ராக்கூன் நகரம் முழுக்க ஜாம்பிகள்; அங்கே வேலைக்குச் சேர வரும் போலீஸ்காரர் லியோன், அண்ணனைத் தேடி வரும் கிளேர் என்ற மாணவி. இருவரில் ஒருவராக ஒரு பெரிய காவல் நிலையத்துக்குள் மாட்டிக்கொள்கிறோம். அங்கிருந்து சாக்கடை, ஆய்வகம் என்று கடந்து தப்பிக்க வேண்டும். பையில் எட்டுக் கட்டம். துப்பாக்கிக்கு ஒரு கட்டம், அதன் குண்டுக்கு ஒரு கட்டம், மூலிகைக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. இடுப்புப் பை கிடைத்தால் இரண்டு கட்டம் கூடும். துப்பாக்கிக்குக் கட்டை மாட்டி வலுவாக்கினால் அதுவே இரண்டு கட்டத்தைத் தின்றுவிடும். எதை எடுத்தாலும் இன்னொன்றை விட்டாக வேண்டும்.

முதல் சுற்றில் கருமியாக ஆடினேன். கடைசியில், பையில் கொள்ளாததைப் போட்டு வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் கைத்துப்பாக்கிக் குண்டு அறுபதுக்கு மேல், நாலு கையெறி குண்டு, பச்சையும் சிவப்பும் கலந்த மூலிகை மூன்று. பச்சை மூலிகை தனியாகக் கொஞ்சம்தான் ஆற்றும், சிவப்பு தனியாக எதற்கும் ஆகாது. இரண்டையும் கலந்தால் முழு உயிரும் திரும்பும், கட்டமும் ஒன்று மிச்சமாகும். அப்படிப்பட்ட பொருள் மூன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே சாக்கடைப் பகுதி முழுவதையும் கடந்திருக்கிறேன். பதினேழு முறை செத்தேன். பொருள் இருந்தது. எந்த இடத்தில் செலவழிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சுற்றில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். எந்தத் தாழ்வாரத்தை எத்தனை தடவை கடக்கிறேன் என்று கோடு போட்டேன். இந்த ஒரு பழக்கம்தான் என் ஆட்டத்தை மாற்றியது. காவல் நிலையத்தின் மேற்குத் தாழ்வாரத்தை மட்டும் பதினோரு தடவை கடந்திருந்தேன். இருட்டறைக்குப் போக அதுதான் வழி. ஆட்டத்தைச் சேமிக்கிற தட்டச்சு இயந்திரமும் பொருள் பெட்டியும் அந்த அறையில் இருக்கின்றன. கிழக்குப் பக்கத்தில் சில அறைகளுக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். அந்த அறை ஜாம்பியைச் சுட்ட குண்டு அத்தனையும் தண்டம். சுற்றி ஓடியிருந்தால் போதும். தாழ்வாரத்து ஜாம்பியை முதல் தடவையே விழத்தட்டியிருந்தால் மீதிப் பத்து நடையும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜன்னலுக்கு அடிக்கும் பலகையும் அப்படித்தான். ஜன்னல்கள் நிறைய, பலகைகள் குறைவு. நான் மேற்குத் தாழ்வாரத்து ஜன்னல்களைத்தான் முதலில் அடைக்கிறேன். விட்டால் வெளியே நிற்கிறவன் ஒவ்வொருவனாக உள்ளே விழுவான்.

வழி கிடைத்தால் போதும் என்று முடிவு செய்தபிறகு சுடுகிற இடமும் மாறியது. தலையை நோக்கிச் சுடுவதை விட்டேன். முழங்காலுக்குச் சுட்டால் கால் கழன்று ஜாம்பி தவழ ஆரம்பிக்கும்; தவழ்கிறவனைத் தாண்டுவது எளிது. கத்தியைத் தாக்குவதற்கு எடுப்பதில்லை. கடிக்க வருகிறவன் கழுத்தைப் பிடித்ததும் குத்திவிட்டுத் தப்பிக்க மட்டும் வைத்திருக்கிறேன். அவன் விழுந்தபின் பிடுங்கிக்கொள்ளலாம், ஆனால் தேயத் தேய ஒரு நாள் உடைந்துவிடும். லிக்கர் என்ற நீள நாக்கு மிருகத்துக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். ஒரு குண்டுகூடச் செலவில்லாமல் மெல்ல நடந்தே கடக்கலாம். நிலையம் முழுக்க நம்மைத் துரத்தும் ராட்சத ஆள் மிஸ்டர் எக்ஸ் மேல் சுடுவது ஆற்றில் காசு போடுவது மாதிரி. கொஞ்ச நேரம் மண்டி போடுவான், பிறகு எழுந்து அதே காலடிச் சத்தத்தோடு வருவான்.

போன வருடம் கல்லூரி விடுமுறைக்கு வந்த என் அண்ணன் மகன் இதை ஆட உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் மாடியிலிருந்து குரல்.

"சித்தப்பா, குண்டு தீந்துட்டு. வாசல்ல ரெண்டு பேரு நிக்கான்."

"எத்தன பேரச் சுட்ட?"

"பாத்த எல்லாத்தையும்."

"திரும்ப அந்தப் பக்கம் போவியால?"

"இல்ல."

"பொறவு எதுக்குலே சுட்ட?"

அன்று நோட்டை அவனிடம் கொடுத்தேன். வரைபடத்தைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். பொருள் மிச்சமிருக்கும் அறை சிவப்பாகவும், எல்லாம் எடுத்து முடித்த அறை நீலமாகவும் தெரியும். இனி வேலையில்லாத சாவிமேல் சிவப்புக் குறி விழும், தூக்கிப் போட்டுவிடலாம். ஒரு பெட்டியில் வைத்தது எல்லாப் பெட்டியிலும் கிடைக்கும். இந்த மூன்றையும் சரியாகப் பயன்படுத்தினால் பாதி நடை குறைந்துவிடும்.

செலவழிப்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இன்னொன்றும் இருக்கிறது, அது ஆட்டத்துக்கு வெளியே நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறி, வண்ணார்பேட்டை, நெல்லைச் சந்திப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. சொந்தக்காரர்கள் இரண்டு குடும்பம் எங்கள் மாடியில். ஆச்சி முதல் ராத்திரியே பிரிட்ஜில் இருந்த மீன், பால், தேங்காய்த் துருவல் அவ்வளவையும் எடுத்து ஆக்கிவிட்டார். நாலு நாளைக்கு வேண்டாமா என்று நான் பதறினேன். "நாளைக்கு நாறிப் போவும்லா. நாறுறதுக்கு முன்ன வயித்துக்குப் போட்டும்" என்றார். அதே ஆச்சி குடத்துத் தண்ணீரையும் அரிசிப் பானையையும் யாரையும் தொட விடவில்லை. டம்ளர் கணக்கில் அவரே அளந்து கொடுத்தார்.

கரண்ட் வந்து ஒரு வாரம் கழித்து ஆடும்போது பை நிறைந்திருந்தது, தரையில் ஒரு பச்சை மூலிகை கிடந்தது. வழக்கமாக விட்டுவிட்டுப் போவேன். அன்று, பெரிய காயம் இல்லாவிட்டாலும், கையில் இருந்ததைப் பயன்படுத்திவிட்டுத் தரையில் கிடந்ததை எடுத்துக்கொண்டேன். பை நிறைந்தபின் தரையில் விடுகிற பொருள் கெட்டுப்போகிற பாலுக்குச் சமம். இப்போது பெட்டி இருக்கிற ஒவ்வொரு பாதுகாப்பு அறையிலும் நின்று, இதில் எது இருக்கும், எது வீணாகும் என்று பிரித்த பிறகுதான் வெளியே போகிறேன். வெடிமருந்தையும் சேர்ந்த உடனே கலக்குவதில்லை. சாதா மருந்து இரண்டைச் சேர்த்தால் கைத்துப்பாக்கிக் குண்டு. சாதாவோடு மஞ்சள் நிற வெடிமருந்தைச் சேர்த்தால் லியோனுக்கு ஷாட்கன் தோட்டா. அடுத்த வழியில் எது வேண்டும் என்று தெரியும்வரை மருந்து மருந்தாகவே இருக்கட்டும்.

ஹார்ட்கோர் என்ற கடினமான முறைக்கு வந்தால், ஆட்டத்தைச் சேமிப்பதே ஒரு சரக்கு. தானாகச் சேமிப்பது கிடையாது. மை நாடா ஒன்று செலவழித்துத் தட்டச்சில் அடித்தால்தான் உண்டு, அந்த நாடாவும் ஒரு கட்டம் பிடிக்கும். எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பயமும் இருக்கிறது. ஒன்றே கால் மணி நேரம் உயிரைக் கையில் பிடித்து ஆடிவிட்டு, கோடை மத்தியானத்தில் கரண்ட் போய் எல்லாம் அழிந்த நாள் எனக்கு உண்டு. அன்று சாயங்காலம் வரை பேசவே தோன்றவில்லை. மறுவாரம் யூ.பி.எஸ். வாங்கினேன். ஏழெட்டு நிமிடம் தாங்கும். அந்த ஏழு நிமிடத்தில் அருகில் உள்ள தட்டச்சுக்கு ஓடிப் போவது எப்படி என்பதும் நோட்டில் இருக்கிறது. ஹார்ட்கோர் ஆட நினைக்கிற நம் பக்கத்து ஆட்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள். இரண்டு வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த வகையில் வேறு சிலதும் ஆடியிருக்கிறேன். முதல் ரெசிடென்ட் ஈவிலின் 2002 மறுஆக்கத்தில், தலை சிதறாமல் விழுந்த ஜாம்பியை எரிக்காவிட்டால், அது சிவந்த தலையோடு இன்னும் வேகமாக எழும். ஒவ்வொரு பிணத்துக்கும் மண்ணெண்ணெய்க் கணக்கு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் ஆட்டத்தில் ஒரே துணியும் சாராயமும் காயத்துக்குக் கட்டாகவும் ஆகும், எரிகுண்டாகவும் ஆகும். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஏலியன் ஐசொலேஷனில் அந்த மிருகத்தைக் கொல்லவே முடியாது. ஆனாலும் திரும்பத் திரும்ப நான் வருவது காவல் நிலையத்துக்குத்தான். ஒரே கட்டடம், மனப்பாடமான அறைகள், ஒவ்வொரு தடவையும் வேறு செலவு.

குறை இல்லாமல் இல்லை. லியோனையும் கிளேரையும் மாற்றி ஆடும்போது புதிர்கள் பெரும்பாலும் அதேதான். இரண்டாம் சுற்று தனிக் கதை என்று நம்பிப் போனால் ஏமாற்றம். காவல் நிலையத்தைத் தாண்டியபின் சாக்கடைப் பகுதி எனக்கு இன்றும் சலிக்கிறது. அங்கே நச்சுக்கு நீல மூலிகை எடுத்துப் போவதைத் தவிர யோசிக்க அதிகம் இல்லை. புதிதாக ஆடுகிறவர்கள் ஸ்டாண்டர்ட் என்ற நடுத்தர முறையில், லியோனாக ஆரம்பிக்கலாம். அதில் நாடா தேவையில்லை. வழியைப் படிக்க மனம் கிடைக்கும்.

நான் இப்போது ஹார்ட்கோரில் எஸ் ப்ளஸ் என்ற உச்ச மதிப்புக்கு முயல்கிறேன். இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மூன்று தடவைக்கு மேல் சேமிக்கக் கூடாது. முதலாவதை மிஸ்டர் எக்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் வைக்கிறேன், இரண்டாவதை நிலையத்தை விட்டு இறங்குவதற்கு முன்னால், மூன்றாவதை ஆய்வகத்துக்குள் போனதும். அண்ணன் மகன் மூன்றாவதைச் சாக்கடையிலேயே வைக்கச் சொல்கிறான். அங்கேதான் எனக்குக் கவனம் சிதறுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபடி ஒரு தடவை ஆடிப் பார்க்கப் போகிறேன்.