மைக்ரோடிக் ராவுட்டர், ஆறு வருடப் பயன்பாடு: சேஃப் மோட் முதல் ஐந்தாவது போர்ட் வரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகத்தில் மைக்ரோடிக் ஆர்பி4011 ஒன்று, அதற்குக் கீழே சிஆர்எஸ்326 சுவிட்ச் இரண்டு, தாராபுரம் பக்கம் உள்ள தையல் யூனிட்டில் சின்ன ஹெக்ஸ் ராவுட்டர் ஒன்று, அதுபோக பழைய சிஸ்கோ சுவிட்சுகள் நாலைந்து. மைக்ரோடிக் எல்லாம் 2019 கடைசியில் வாங்கிப் போட்டவை. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வேகம், விலை என்று எழுதியிருப்பேன். இத்தனை வருடம் ஓட்டிய பிறகு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் தப்பு செய்தால் இந்தப் பெட்டி என்னை மறுபடி உள்ளே விடுமா?

2020 பிப்ரவரியில் ஒரு ராத்திரி. யூனிட்டில் பார்கோடு ஸ்கேனர்களையும் கேமராக்களையும் தனித்தனி விலானாக (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளாக) பிரிக்க வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் போன பிறகு, பத்து மணிவாக்கில், திருப்பூரில் உட்கார்ந்தபடியே ஹெக்ஸுக்குள் போனேன். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஃபைபர் இணைப்பும் அங்கே அதே பிரிட்ஜில்தான் (போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும் அமைப்பில்தான்) இருந்தது. விலான் 10, விலான் 20, நாங்கள் பெட்டிக்குள் நுழையும் மேனேஜ்மெண்டுக்கு 99 என்று அட்டவணையில் ஏற்றி, எல்லா போர்ட்டுக்கும் பிவிஐடி (விலான் எண் இல்லாமல் வரும் பாக்கெட் எந்த விலானில் சேரும் என்ற எண்) கொடுத்து, கடைசியாக இந்தப் பிரிவினையை அமலாக்கும் விலான் ஃபில்டரிங்கை இயக்கினேன். திரை அப்படியே நின்றது. பிங் செத்துவிட்டது.

என்ன விட்டேன் என்பது யூனிட்டுக்கு வண்டியில் கிளம்பி, வழியில் குண்டடம் ஊரைத் தாண்டும்போதுதான் புத்திக்கு எட்டியது. மைக்ரோடிக்கில் பிரிட்ஜுக்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் சுவிட்சும் அதுதான், அந்தச் சுவிட்சிலிருந்து ராவுட்டரின் சிபியுவுக்குப் போகிற போர்ட்டும் அதுதான். விலான் 99இல் ஈதர்1 போர்ட்டை மட்டும் டேக் செய்துவிட்டு (விலான் எண் ஒட்டிய பாக்கெட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டு) பிரிட்ஜையே டேக் செய்யாமல் விட்டால், பாக்கெட் பெட்டி வரைக்கும் வரும், சிபியுவுக்குப் போக வழி இருக்காது. அப்போது ஓடியது மைக்ரோடிக்கின் மென்பொருளான ராவுட்டர்ஓஎஸ்ஸின் ஆறாம் பதிப்பு, அந்த ஒரு பதிவை நாமேதான் கையால் போட வேண்டும். நான் போடவில்லை.

சுமார் 50 கிலோமீட்டர் போய் லேப்டாப்பைச் செருகினால் அங்கேயும் உள்ளே போக முடியவில்லை, ஏனென்றால் எல்லா போர்ட்டையும் நானே 10க்கும் 20க்கும் பிரித்துக் கொடுத்திருந்தேன். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து, விளக்கு மினுங்க ஆரம்பித்ததும் விட்டேன். நல்லவேளையாக முந்தின நாள் எடுத்த எக்ஸ்போர்ட் கோப்பு (அமைப்புகளின் எழுத்துப் பிரதி) கையில் இருந்தது. அதை இம்போர்ட் செய்தால் பாதியிலேயே பிழை காட்டி நின்றது, ரீசெட் செய்ததும் பெட்டியோடு வரும் ஆரம்பக் கான்ஃபிக் (அமைப்புகள்) வந்து உட்கார்ந்துகொள்ளும், அதன்மேல் நம்முடையதை ஏற்றினால் ஒரே பெயரில் இரண்டு ஆகி மோதும். மறுபடி ரீசெட், இந்த முறை 'நோ டிஃபால்ட்ஸ்' போட்டு. அப்படிச் செய்தால் பெட்டிக்கு ஐபி முகவரியே இருக்காது, மைக்ரோடிக்கை இயக்கும் வின்பாக்ஸ் மென்பொருளில் மேக் முகவரி (பெட்டியின் வன்பொருள் எண்) வழியாகத்தான் நுழைய வேண்டும். முடித்து எழுந்தபோது மணி இரண்டு. காலையில் சூப்பர்வைசர் போன் பண்ணி, "ஏனுங்க தம்பி, ஸ்கேனர் எல்லாம் ஓடுதுங்க, ராத்திரி வந்தீங்களாமா?" என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவும் ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் நடந்திருக்காது. வின்பாக்ஸின் மேலேயே சேஃப் மோட் பட்டன் இருக்கிறது, டெர்மினலில் கன்ட்ரோலும் எக்ஸும். அதை அழுத்திவிட்டு வேலை செய்தால், நம் இணைப்பு அறுந்தால் அதுவரை செய்த மாற்றங்களைப் பெட்டியே திரும்ப எடுத்துக்கொள்ளும். இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பு போனதைப் பெட்டி உணர ஒன்பது நிமிடம் வரை ஆகலாம், ஆகவே திரை உறைந்ததும் பதறி யாருக்கும் போன் போடாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். அப்புறம், நூறு செயல்கள் வரைதான் அது நினைவில் வைத்திருக்கும், அதைத் தாண்டினால் சேஃப் மோட் தானாக விலகிவிடும், எதையும் திரும்ப எடுக்காது. நீளமான கான்ஃபிக்கை ஒரே மூச்சில் ஒட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். கொஞ்சம் ஒட்டி, சரிபார்த்து, சேஃப் மோடை விட்டு மறுபடி எடுத்து, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

சிஸ்கோ பக்கம் இதே காரியத்துக்கு நான் வைத்திருக்கும் பழக்கம் 'ரீலோட் இன் 10'. முதலில் கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டு அதைக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் பெட்டி தானாக ரீபூட் ஆகி, சேமித்த பழைய கான்ஃபிக்கோடு எழும். வேலை நல்லபடி முடிந்தால் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேமிப்பு. ஜூனிபரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இன்னும் நாகரிகமானது, ரீபூட்டே இல்லாமல் பின்வாங்கும். பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்து நிமிடக் காப்பு கட்டாயம் வேண்டும். புதிதாக ஒரு விலான் சேர்க்கப் போய், 'அலவுடு விலான்' கட்டளையில் 'ஆட்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் புதியது மட்டும்தான் இருக்கும், ஏற்கெனவே இருந்தவை எல்லாம் போய்விடும். அடுத்த மாடி முழுக்க இருட்டாகும்.

அந்தப் பழைய சுவிட்சுகளைப் பற்றி இன்னொன்று. லூப்பைத் தடுக்கச் சுவிட்சுகள் தங்களுக்குள் பேசும் ஸ்பானிங் ட்ரீயில் யாரும் எதுவும் மாற்றாவிட்டால் எல்லாருக்கும் முன்னுரிமை எண் 32768தான், அப்போது மேக் முகவரி சிறியதாக இருப்பது ரூட் (தலைமை சுவிட்ச்) ஆகும். சிறிய முகவரி என்பது பெரும்பாலும் பழைய பெட்டி. எங்கள் பேக்கிங் பகுதியின் மூலையில் பஞ்சுத்தூசு படிந்து கிடந்த சுவிட்ச்தான் பல மாதம் மொத்த நெட்வொர்க்குக்கும் ரூட்டாக இருந்திருக்கிறது, அதன் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அலுவலகத்தில் எல்லாம் ஒரு நொடி நின்று ஓடும், நான் இணைய இணைப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் உள்ள சுவிட்சுக்கு முன்னுரிமை எண்ணைக் குறைத்து 4096 கொடுத்து, அதை ரூட் ஆக்கியதும் அந்தத் தடங்கல் நின்றது. மேசைக்கு அடியில் பேட்ச் கார்டின் இரு முனையையும் சின்ன சுவிட்சில் செருகி லூப் போடுகிறவர்களுக்காக, பயனர் போர்ட்டுகளில் பிபிடியு கார்டு (ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் அந்த போர்ட்டை அணைத்துவிடும் காப்பு) போட்டுவிடுங்கள்.

மைக்ரோடிக்கின் போக்கு பழக நாளாகும். ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழி இயல்பாகவே ஃபயர்வாலில் இருக்கும், அதன் வழி போகும் டிராஃபிக் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிம்பிள் க்யூவைத் தொடாது. இது தெரியாமல் ஒரு வாரம் வேகக்கட்டுப்பாட்டு எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆறாம் பதிப்பில் ஹெக்ஸில் விலான் ஃபில்டரிங் போட்டால் சுவிட்ச் சிப் ஒதுங்கிவிடும், சுமை சிபியு மேல் விழும். சிஆர்எஸ்3 வரிசையில் சிப்பே பார்த்துக்கொள்ளும், ஆகவே சுவிட்ச் வேலைக்கு அதை வாங்குங்கள், ஆனால் அதிலேயே நேட்டும் (உள், வெளி முகவரிகளை மாற்றும் வேலையும்) ஃபயர்வாலும் ஓட்ட நினைக்காதீர்கள். 2018இல் வெளிவந்த வின்பாக்ஸ் பாதுகாப்பு ஓட்டையைப் படித்திருப்பீர்கள், அது பயன்படுத்தும் 8291 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. ஏழாம் பதிப்பில் வயர்கார்டு விபிஎன் உள்ளேயே வருகிறது, அதன் வழியாக மட்டும் நுழையுங்கள். அதே ஏழில் எக்ஸ்போர்ட் எடுக்கும்போது ரகசியங்கள் மறைந்துதான் வரும், 'ஷோ சென்சிட்டிவ்' சேர்க்காமல் எடுத்த கோப்பை வைத்து ராத்திரி இரண்டு மணிக்கு பிபிபிஓஇ (இணைய இணைப்பு) கடவுச்சொல்லைத் தேட முடியாது. பயனர் கடவுச்சொற்கள் எந்த எக்ஸ்போர்ட்டிலும் வராது, தனியாக எழுதி வையுங்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு யூனிட் ஹெக்ஸில் ஐந்தாவது போர்ட்டை பிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன். தனி ஐபி, விலான் எதுவும் கிடையாது, மேக் வழி வின்பாக்ஸுக்கு அனுமதி. மேலே சிவப்பு டேப் ஒட்டி, காலியாக இருக்கிறதே என்று யாரும் பிரிண்டரைச் செருகிவிடாமல் ஒரு மூடியும் போட்டிருக்கிறேன்.