அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தய ஓட்டுநர்களில் என் மனம் யார் பக்கம்: டெரிக் கோப்பா, ஆலன் குல்விக்கியா?

1990 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட்டின் டயர் கிழிந்தது; பின்னால் வந்த டெரிக் கோப் முந்தி வென்றார். அதிர்ஷ்டம்தான். ஆனால் அதைப் பிடிக்கும் தூரத்தில் இருக்கவும் திறமை வேண்டுமே!

என் மனம் சாய்வது குல்விக்கி பக்கம். பொறியியல் படித்தவர், பெரிய அணி உரிமையாளரான ஜூனியர் ஜான்சன் அழைத்தும் போகாமல் சொந்த அணியையே நடத்திய வைராக்கியக்காரர். 1992 பருவத்தின் இறுதிப் பந்தயத்தில், அட்லாண்டாவில், ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் முகப்பில் இருந்த ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை (TH) நீக்கி, ‘அண்டர்டாக்’ (வெல்ல வாய்ப்புக் குறைந்தவர்) என்பதை நினைவூட்டும் ‘அண்டர்பேர்ட்’ என்றே ஓட்டினார். பந்தயத்தை வென்றவர் பில் எலியட், குல்விக்கிக்கு இரண்டாமிடம். ஆனால் அவர் முன்னணியில் இருந்தது 103 சுற்றுகள், எலியட் 102. அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருப்பவருக்கு 5 போனஸ் புள்ளிகள்; கணக்குப் போட்டுப் பிடித்த அந்த ஒரு சுற்று அவற்றைத் தந்தது. பருவத்தின் மொத்தப் புள்ளிகளில் எலியட்டைவிடப் பத்தே புள்ளி வித்தியாசத்தில் அவர் சாம்பியன் ஆனார்!