மீன்கொடியா, தலைக்கவசமா?

மே 5 நெருங்கினால், ஜப்பானில் ஆண் குழந்தை பிறந்த வீட்டில் ஒரு கேள்வி எழும். வெளியே கொய்நொபொரி ஏற்றுவதா, உள்ளே கபுதோ வைப்பதா? 1948-இல் இந்த நாள் எல்லாக் குழந்தைகளுக்குமான அரசு விடுமுறை ஆனது. ஆனாலும் இரண்டுமே பழைய ஆண்பிள்ளைத் திருநாளின் மிச்சம்.

பொருள்
கொய்நொபொரி: கெண்டை வடிவத் துணிக்கொடி. அருவியை எதிர்த்து ஏறிய கெண்டை டிராகன் ஆனது என்கிறது சீனக் கதை. பிள்ளையும் அப்படி முன்னேறட்டும் என்று வேண்டுதல். மேலே கறுப்பு அப்பா, அடுத்து சிவப்பு அம்மா, கீழே நீலக் குட்டி. எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) கறுப்பு மட்டும்தான். அம்மாவுக்கு இடம் கிடைத்தது ரொம்பப் பிற்பாடு!
கபுதோ: சாமுராய் தலைக்கவசம். போர் ஆசையில் அல்ல, நோயும் விபத்தும் அண்டாமலிருக்க.

இடம்
கொடி: கம்பமும் காற்றும் வேண்டும். காற்று நின்றால் காயப்போட்ட கால்சட்டை மாதிரி தொங்கும். பால்கனிக்கென்று சின்ன அளவும் உண்டு.
கவசம்: அலமாரி மூலை போதும்.

பராமரிப்பு
கொடி: மழைக்கு முன் இறக்க வேண்டும், வெயிலில் சாயம் வெளுக்கும்.
கவசம்: தூசி தட்டி, ஈரம் படாமல் பெட்டியில் வைத்தால் பல வருஷம் வரும். விலைதான் கடிக்கும், பெரும்பாலும் தாத்தா பாட்டி வாங்கித் தருவார்கள்.

முற்றம் இருந்தால் என் ஓட்டு கொடிக்கே. குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். அடுக்குமாடி வீட்டுக்குக் கவசம். இரண்டுக்கும் பணமில்லையா? சரி, செய்தித்தாளை மடித்துத் தொப்பி போலக் கபுதோ செய்து தலையில் வைத்துவிடுங்கள்.