எந்த ஹம்மாமுக்குப் போவது: கிரனாடாவுக்கா, ஹாயேனுக்கா?

தெற்கு ஸ்பெயின் போகிறவர்களில் பலர் கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குள்ளும் ஒரு ஹம்மாம், அதாவது அரபு முறைக் குளியல் கூடம், உண்டு, ஆனால் அது அரச குடும்பத்துக்கானது. ஊர்மக்கள் குளித்த இடத்தைப் பார்க்க கிரனாடாவின் எல் பான்யுவேலோவுக்கோ, ஹாயேன் நகரத்து அரபுக் குளியல் கூடத்துக்கோ போகலாம். (இன்று இரண்டிலும் குளிக்க முடியாது, பார்க்க மட்டும்தான்.)

இரண்டையும் 11ஆம் நூற்றாண்டு என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். உள்ளமைப்பும் ஒன்றுதான்: குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை. கடைசி அறையின் தரைக்கு அடியில் அடுப்பின் அனல் ஓடும்.

பான்யுவேலோ, டாரோ ஆற்றை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே நடு அறையில் தூண்களின் போதிகைகளை (உச்சியில் உள்ள செதுக்கிய பகுதிகளை) கவனியுங்கள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ரோமானியர், விசிகோத்தியர், கொர்தோபா கலீஃபாக்கள் காலத்துப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து பொருத்தியவை. பிற்காலத்தில் இங்கே துணி துவைத்தார்கள். 1918இல் தேசியச் சின்னமானது, 1920களில் தோரெஸ் பால்பாஸ் என்ற கட்டடக் கலைஞர் சீரமைத்தார். அழகுதான், ஆனால் சின்ன இடம். ஒரு சுற்றுலாக் கூட்டம் நுழைந்தால் போதும், தூண்கள் மறைந்துவிடும்.

ஹாயேன் கதையே வேறு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்யார்தொம்பார்தோ பிரபு, பெரு நாட்டில் ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாக இருந்தவர், இந்த ஹம்மாமின் மேலேயே தன் மாளிகையைக் கட்டிவிட்டார். கீழே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோய், 1913இல்தான் மறுபடி தெரியவந்தது. ஏறக்குறைய 450 சதுர மீட்டர், ஸ்பெயினில் மிஞ்சியவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மாளிகைக்குள் நுழைந்து கீழே இறங்கினால், குதிரைலாட வளைவுகள் தாங்கும் பெரிய அரைக்கோளக் கூரை. அதில் நட்சத்திர வடிவத் துளைகள். வெயில் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, தரையில் சின்னச் சின்ன நட்சத்திரங்களாக விழுகிறது. கொஞ்ச நேரம் நின்றால் அவை நகர்வது தெரியும். பான்யுவேலோவிலும் இதே துளைகள் உண்டு, ஆனால் இங்கேதான் நிமிர்ந்து பார்க்க இடம் தாராளம்.

கிரனாடாவில் அரை நாள்தான் கையில் இருக்கிறதா? சரி, பான்யுவேலோ போதும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தயங்காமல் ஹாயேனுக்குப் பஸ் ஏறுங்கள், 90 கிலோமீட்டர்தான். நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். மேகமூட்டத்தில் அந்த நட்சத்திரங்கள் தரைக்கு வருவதில்லை.